பூஜையில் அகப்பட்ட காண்டாமிருகம்

சென்ற மாதம் ஒரு காண்டாமிருகத்தை விடுவிக்கச் சொல்லி, ரிட்டயர்டு முன்சீப் ஒருவரிடம் வாய்மொழியாக மனுக் கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். சாப்பிட மறுக்கும் குழந்தை உங்கள் வீட்டிலும் இருந்தால், ஒட்டகச்சிவிங்கிக்காகக்கூடப் போய்க் கெஞ்சியிருப்பீர்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மகள் அம்முவுக்கு நாலு வயது. ஆவணியில் டைபாய்டு வந்து படுத்தாள். ஒரு வழியாக ஜுரம் இறங்கியது. டாக்டர் கடைசியாக வந்த அன்று, "இனிமேல் மருந்து வேண்டாம், ஆகாரம்தான் மருந்து, எப்படியாவது உள்ளே போகணும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை!

அம்மு வாயைத் திறந்தால்தானே உள்ளே போகும்? பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை மூடினாள் என்றால், பேங்க் பூட்டுத் தோற்றுவிடும். தூக்கினால் குழந்தை கனக்கவில்லை, அவள் போட்டிருந்த கவுன்தான் கனத்தது. என் மனைவி கோமதி அடுக்களையில் நின்று அழுதாள். நான் ஆபீசில் ஃபைலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். சர்க்கார் குமாஸ்தா ஃபைலைப் பார்த்து அழுவது சகஜம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காண்டாமிருகம் வந்தது.

பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போனபோது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார். அதில் மிஞ்சிய காகிதக் குப்பை திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. பழைய புத்தகக் கடையில் நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் படப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. அட்டை இல்லை. முதல் பக்கமும் இல்லை. ஒரு காண்டாமிருகம் நாற்காலி வாங்கக் கடைக்குப் போகிறது... அவ்வளவுதான் கதை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்கிறது. நாற்காலி உடைகிறது. கண்ணாடி போட்ட குரங்கு ஒன்று கடைக்காரன். ஒவ்வொரு நாற்காலி உடையும்போதும் அதன் மூக்குக்கண்ணாடி மேலே பறக்கிறது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. அதை நான் தமிழில் இஷ்டத்துக்கு அளந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டினேன். முதல் நாற்காலி உடைந்தது. "டமார்!" என்றேன்.

அம்மு சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம்!

சிரித்தால் வாய் திறக்கும் அல்லவா? கோமதி சமர்த்து. கையில் இருந்த ரசஞ்சாத உருண்டையைச் சட்டென்று உள்ளே வைத்துவிட்டாள். குழந்தை அதை மென்று விழுங்கிவிட்டு, "பக்கம் திருப்பு" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று முதல் ஒரு பக்கத்துக்கு ஒரு உருண்டை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடிக்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு வார்த்தை. நம்மவர்களும் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறார்கள். ஆனால் அதில் வரும் மிருகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாமே உபாத்தியாயர்கள்! காக்காய் புத்தி சொல்லும். முயல் புத்தி சொல்லும். ஆமை மெதுவாக வந்து, நிதானமாக நின்று, புத்தி சொல்லும். நாலு வயசுக் குழந்தைக்கு வீட்டில் கிடைக்கும் புத்தி போதாதா? என் காண்டாமிருகம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. உட்கார்ந்தது, உடைத்தது, அடுத்த நாற்காலிக்குப் போனது. திருக்கொச்சி ராஜ்யத்தில் இருக்கும் எங்களுக்கு நாற்காலி காலை வாருவது புதிதும் இல்லை... அடிக்கடி கவிழும் மந்திரிசபைகளைச் சொல்கிறேன்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது நவராத்திரி வந்தது.

உங்கள் ஊரில் சரஸ்வதி பூஜை அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொடமாட்டீர்கள். திருவனந்தபுரத்தில் விரதம் இன்னும் கடுமை. அஷ்டமி மாலையில் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால் தசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. கடிதாசு வந்தால்கூட உறையைப் பிரிக்காத வீடுகள் உண்டு. எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. தெருப் புத்தகம் அத்தனையும் ஒரே வீட்டில்தான் பூஜைக்குப் போகும். முன்சீப் மாமா வீட்டில்.

முன்சீப் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டயராகிச் சில வருஷம் ஆகிறது. ஆனால் அந்தச் செய்தியை யாரோ அவருக்குத் தபாலில் தெரிவிக்கத் தவறிய மாதிரிதான் நடந்துகொள்வார். ஆள் வாட்டசாட்டம். சாதாரண வேஷ்டி இடுப்பைச் சுற்றி வராது. அவர் தும்மினால் தெருவில் பந்து விளையாடும் பையன்கள் ஏதோ தீர்ப்பு வந்துவிட்டது என்று கலைந்து போவார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாக யாரும் சாட்சி சொன்னதும் இல்லை.

அஷ்டமி மாலை. தெருக் குழந்தைகள் எல்லாம் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதை அம்மு வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே ஓடினாள். காண்டாமிருகத்தை எடுத்து வந்தாள். "எம் புஸ்தகத்துக்கும் பூஜை" என்றாள்.

என்ன சமர்த்து என்று நாங்களும் பூரித்துப் போனோம். குழந்தை தன் கையாலேயே கொண்டு போய்க் கொடுத்தது. முன்சீப் மாமி வாங்கி, நடுவில் எங்கேயோ செருகினாள். அதன்மேல் கணக்குப் புத்தகங்கள், அதன்மேல் முன்சீப் மாமாவின் சட்டப் புத்தகங்கள் என்று கோபுரம் எழும்பியது. எல்லாவற்றையும் பட்டுத்துணியால் மூடி, பூப் போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். அம்மு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். கோமதி ரசஞ்சாதம் பிசைந்தாள். அம்மு உட்கார்ந்தாள்.

"புஸ்தகம்?" என்றாள்.

அப்போதுதான் எங்கள் மூளை வேலை செய்தது.

"பூஜைலே இருக்குடி கண்ணே. நாளன்னைக்குத் தருவா."

உதடு மூடிக்கொண்டது.

நான் கதையை ஞாபகத்திலிருந்து சொன்னேன். "பக்கம் திருப்பு" என்றாள். எதைத் திருப்ப? வாழையிலையைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கமும் வாழையிலைதான். பென்சிலால் படம் வரைந்து காட்டலாம் என்று எழுந்தேன். "எழுதப்படாது கேட்டேளா! பூஜை வச்சாச்சு" என்று கோமதி தடுத்தாள். பிறகு அவளே யோசித்து, கோலமாவை எடுத்துக் கூடத்துத் தரையில் காண்டாமிருகம் போட்டாள். பாவம், புள்ளி வைத்துப் போட்டுப் பழகிய கை. மிருகம் நாலு பக்கமும் ஒரே அளவாக, நடுவில் தாமரையோடு வந்தது.

அம்மு பார்த்தாள். "இது சாமி" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் நவமி. காலையில் பால் வேண்டாம். இட்டிலி வேண்டாம். ஒரு பழத்தைக் கடித்துவிட்டுத் துப்பினாள். மத்தியானத்துக்குள் கண் குழிந்துவிட்டது. டாக்டர் சொன்னது என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. பட்டுத்துணிக்கு அடியில் ஒரு காண்டாமிருகம் பத்திரமாக இருக்க, நாலு வீடு தள்ளி என் பெண் பட்டினி கிடப்பதா? எனக்குப் பயமும் வந்தது, கோபமும் வந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். கோமதி சாதக் கிண்ணத்தோடு பின்னால் வந்தாள்.

முன்சீப் மாமா கூடத்தில் இருந்தார். பூஜை செய்துவைக்கும் சாஸ்திரிகளும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னதாக்கும் விஷயம்?"

சொன்னேன்.

"பூஜை வச்ச புஸ்தகத்தை நடுவிலே எடுக்கறதோ? நன்னாருக்கே!" என்றார் முன்சீப் மாமா. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முழு முன்சீப்பாக ஆகியிருந்தார். "செரி. அது புஸ்தகமாக்கும்னா தசமி காலம்பற வரைக்கும் தொடப்படாது. புஸ்தகம் இல்லேன்னா, பூஜைலே வச்சதே தப்பு. உடனே எடுத்துடணும்."

எனக்கு நம்பிக்கை வந்தது. "வெறும் படம்தான் மாமா, விளையாட்டுச் சாமான் மாதிரி."

"அதை நீர் சொன்னாப் போதுமோ? திறந்து பார்த்துன்னா தீர்மானிக்கணும்."

"பார்க்கலாமே!"

"திறந்து பார்த்தா வாசிச்சதாகும். வாசிக்கப்படாதே!"

அதாவது, புத்தகமா இல்லையா என்று தெரிந்தால்தான் திறக்கலாம்; திறந்தால்தான் புத்தகமா இல்லையா என்று தெரியும். இந்த மாதிரி எத்தனை ஃபைலை நானே ஆபீசில் மேஜைக்கு மேஜை தள்ளியிருக்கிறேன்! சொந்தக் குழந்தையின் வயிறு நடுவில் மாட்டிக்கொண்டால்தான் அதன் ருசி தெரிகிறது.

சாஸ்திரிகள் நல்ல மனுஷர். எங்களுக்குப் பரிந்துகொண்டு வந்தார். "படம் பார்க்கறது வாசிக்கறதாகுமோ? பின்னே சுவத்திலே சரஸ்வதி படம் மாட்டியிருக்கே. நேத்திலேருந்து எல்லாரும் அதைப் பார்த்துண்டுதானே இருக்கோம்?"

"அதிலே எழுத்து உண்டோ?" என்றார் முன்சீப் மாமா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உண்டு! அது ஜவுளிக்கடைக் காலண்டர். தேவியின் பாதத்துக்குக் கீழே கடையின் பெயரும், நம்பகமான இடம் என்ற வாசகமும் பளிச்சென்று இருந்தன. அடுத்த க்ஷணம் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டோம். சாஸ்திரிகள் மூக்குக்கண்ணாடியையே கழற்றிவிட்டார். முன்சீப் மாமி கண்ணை மூடியபடியே தடவிக்கொண்டு போய், கடையின் பெயரை ஒரு துண்டால் மறைத்துவிட்டு வந்தாள்.

"கொழந்தை நேத்திக்கு ராத்திரியிலேருந்து ஒண்ணும் தின்னலை மாமா," என்றாள் கோமதி.

முன்சீப் மாமா அவள் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "வாய்மொழி சாட்சியத்துக்குத் தடையில்லை," என்றார் பிறகு. "உள்ளே என்ன இருக்குன்னு சொல்லும்."

"காண்டாமிருகம் நாற்காலி வாங்கப் போறது, மாமா."

"என்னத்துக்கு?"

"உக்காரத்தான்."

"காட்டிலே இருக்கற மிருகத்துக்கு நாற்காலி எதுக்கு?"

"தெரியலை. முதல் பக்கம் கிழிஞ்சு போச்சு."

"செரி. வாங்கித்தோ?"

"உக்கார்ந்து பார்க்கறது. உடைஞ்சுடறது."

"நஷ்டம் ஆரு கொடுத்தா?"

"அதைப் பத்திப் புஸ்தகத்திலே ஒண்ணும் இல்லை."

"கடைக்காரன் பிராது கொடுக்கலையோ?"

"இல்லை மாமா. இன்னொரு நாற்காலி எடுத்துப் போடறான்."

முன்சீப் மாமாவின் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எப்படி உக்கார்ந்தது? காட்டும்," என்றார்.

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காட்டினேன். "டமார்" என்றேன். அம்மு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா ஒல்லி," என்றாள்.

பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சாஸ்திரிகளைப் பார்த்தாள். போதாது. கடைசியில் பார்வை ஓர் இடத்தில் நின்றது. விரலை நீட்டினாள்.

"அந்த மாமா உக்காரட்டும்."

கோமதி என் முழங்கையைக் கிள்ளினாள். எதற்கு என்னைக் கிள்ளினாள் என்று இதுவரை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முன்சீப் மாமா எழுந்து அம்முவின் அருகே வந்துவிட்டார். அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அதில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்படி மெலிஞ்சு போச்சே," என்றார் மெதுவாக. அதைக் கோர்ட்டுக் குரலில் சொல்லவில்லை.

திரும்பிப் போய், தன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

தேக்கு நாற்காலி. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. அம்முவின் கீழ் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அழுகை வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முன்சீப் மாமா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பட்டுத்துணி போர்த்தியிருந்த தன் சட்டப் புத்தகங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோர்ட்டில் ஜனங்களை அடக்கிய அதே தொண்டையைத் திறந்து, "டமார்!" என்று ஒரு முழக்கம் போட்டார். போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து தரையில் உருண்டார். ஒரேயடியாக விழவில்லை. கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, ஜாக்கிரதையாகத் தவணை முறையில் விழுந்தார். இருந்தாலும் விழுந்தார்!

அம்மு சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கோமதி முதல் உருண்டையை வைத்துவிட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பாலா, வேறு எதனாலா, சொல்லத் தெரியவில்லை.

"இன்னொண்ணு!" என்றாள் அம்மு.

"இன்னொண்ணுன்னா?" என்றார் தரையிலிருந்து முன்சீப் மாமா.

"அடுத்த பக்கம், மாமா," என்றேன் பணிவாக.

அடுத்த பக்கம் சாய்வு நாற்காலி. அதற்கடுத்த பக்கம் முக்காலி. அப்புறம் பெஞ்சு. சாஸ்திரிகளுக்குக் குரங்கு வேஷம் தானாக அமைந்துவிட்டது. ஒவ்வொரு டமாருக்கும் அவர் மூக்குக்கண்ணாடியை மேலே எறிந்து பிடித்தார். ஒரு தடவை பிடிக்கவில்லை. கண்ணாடி தப்பித்தது, சாஸ்திரிகள்தான் பதறிப்போனார். சத்தம் கேட்டுத் தெருவே ஜன்னலில் கூடிவிட்டது. முன்சீப் மாமா தரையில் மல்லாந்தபடியே, "விசாரணை நடக்கறது! சத்தம் போடப்படாது!" என்று அதட்டினார். முன்சீப் மாமி அடுக்களை வாசலில் நின்று, தான் கல்யாணம் செய்துகொண்டது இவரைத்தானா என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணம் காலியானது. முன்சீப் மாமா எழுந்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பூஜைலே இருக்கறது புஸ்தகமாக்கும். எடுக்க அனுமதி இல்லை. மனு தள்ளுபடி." கொஞ்சம் நிறுத்தினார். "ராத்திரி சாப்பாட்டுக்கும் கொழந்தையை இங்கே கொண்டு வரணும். பால் பாயசம் உண்டு."

தசமி காலையில் பூஜை எடுத்தார்கள். காண்டாமிருகம் கொம்பில் குங்குமமும் சந்தனமுமாக வெளியே வந்தது. அம்மு அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். சிரிக்கத்தான் செய்தாள். "மாமா இதைக் காட்டிலும் நன்னா விழுவார்" என்றும் சொன்னாள். ஆனால் சாப்பிட்டாள். இப்போது புத்தகம் இல்லாமலும் சாப்பிடுகிறாள். கவுனைவிடக் குழந்தை கனக்கிறது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலையே முன்சீப் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழியாக வந்தாராம். எங்கள் வீடு தெருக்கோடியில் இருக்கிறது, அதற்கப்புறம் வழியே கிடையாது. "அந்தப் புஸ்தகத்தை ஒரு நாள் பரிசீலனைக்குக் கொடும். அந்த நஷ்டஈட்டு விஷயம் மனசை உறுத்தறது," என்றார். கொடுத்தேன்.

ஒரு நாள் போய், பல நாளாகியும் புத்தகம் திரும்பி வரவில்லை. நேற்று மத்தியானம் நானே கேட்டு வாங்கிவரப் போனேன். முன்சீப் மாமி வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து நிறுத்தினாள்.

"இப்போ கேக்காதீங்கோ, கேட்டேளா. சாப்பிட்டுண்டிருக்கார்."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கரடுமுரடான, பழக்கமில்லாத சிரிப்பு.

"ரிட்டயர் ஆனதிலேருந்து சாதம்னா ரெண்டு கவளத்துக்கு மேலே எறங்கலை, பலகாரத்திலேதான் உடம்பு ஓடறது," என்றாள் மாமி. "இதிலே உப்பில்லை, அதிலே புளியில்லைன்னு எலையைத் தள்ளிட்டு எழுந்துடுவார். நானும் என்னவெல்லாமோ பண்ணிப் பார்த்தேன். இப்போ எலைக்குப் பக்கத்திலே அந்தப் புஸ்தகத்தை வச்சுண்டு உக்கார்றார். நான்தான் பக்கம் திருப்பணும். நேத்திக்கு ரெண்டாந்தரம் சாதம் கேட்டார்." சொல்லும்போதே மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அகத்திலேயும் சிரிப்புச் சத்தம் கேக்கறதே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே..."

நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

அம்மு வாசலில் காத்திருந்தாள். புத்தகம் எங்கே என்றாள். குழந்தையிடம் பொய் சொல்வானேன்? மாமாவுக்குச் சாதம் இறங்கவில்லை, புத்தகம் இருந்தால்தான் சாப்பிடுகிறார் என்று உள்ளதைச் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். இல்லை. பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினாள்.

"மாமிகிட்டச் சொல்லு அப்பா. மாமா சிரிச்சு வாயைத் தொறக்கறப்போ சாதத்தை வச்சுடணும். நானும் அம்மா வைக்கட்டும்னுதான் பெரிசாத் தொறப்பேன்."

நாங்கள்தான் அவளை ஏமாற்றிச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தோமாம்!